நான்கு மாதம் கழித்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் நெருங்கிய நண்பனின் மனைவி நான்கு மாதங்களுக்கு முன் இறந்துவிட்டார். நோய் தெரிந்து ஆறே வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. சாவுக்குப் போனேன், அவன் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன், வந்துவிட்டேன். அதன் பிறகு அவனிடம் பேசவே இல்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அந்த ஒரு வாரம் மாதங்களாகிவிட்டது. இனி எந்த முகத்தோடு போய் நிற்பது? வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுகிறான், அலுவலகத்தில் மட்டும் சிரித்துப் பேசுகிறான் என்று இன்னொரு நண்பர் சொன்னார். துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டு, கோபம் அதில் இரண்டாவது என்று படித்தேன். அந்தக் கட்டம் கடந்த பிறகு போனால் நல்லதா? போனால் என்ன பேசுவது?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

எந்தக் கட்டமும் கடக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே போங்கள்.

என் அண்ணன் இறந்தபோது முதல் இரண்டு வாரம் வீடு நிறைய ஆட்கள். யார் யார் வந்தார்கள் என்று இப்போது கேட்டால் பாதிப் பேரைக்கூட என்னால் சொல்ல முடியாது. அப்போது நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை, கேட்கவில்லை. அப்புறம் ஒவ்வொருவராக அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவன் இல்லை என்பது எனக்கு உறைத்ததே மூன்றாவது மாதத்தில்தான். ஏதோ ஒரு படிவத்தில், அவசரத்துக்கு யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று கேட்டிருந்த இடத்தில், பழக்கத்தில் அவன் எண்ணை எழுதிவிட்டேன். எழுதி முடித்த பிறகுதான் புரிந்தது. அந்த நாட்களில் என் ஃபோன் அடிக்கவே இல்லை.

ஆறாவது மாதம் ஒரு பழைய நண்பர் வந்தார். வாசலில் நின்றபடியே, "முன்னாடியே வந்திருக்கணும். என்ன பேசுறதுன்னு தெரியல, அதான் வரல" என்றார். தாமதத்துக்கு அவர் சொன்னது அவ்வளவுதான். உள்ளே வந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு, சிறு வயதில் என் அண்ணன் அவருக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததைச் சொன்னார். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வருவதாகச் சொல்லிவிட்டு, பாதியிலேயே கையை விட்டுவிட்டானாம். எனக்கு அதுவரை தெரியாத கதை. அவனைப் பற்றி இனி புதிதாகத் தெரிந்துகொள்ள எதுவுமே இல்லை என்று நினைத்திருந்தேன். அன்று ராத்திரி பல நாள் கழித்துத் தூங்கினேன்.

அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் தாமதமாகிவிட்டதாக நினைக்கும் நேரம் உங்கள் நண்பருக்குத் தாமதம் அல்ல. எல்லாரும் போய்விட்ட வீட்டுக்குத்தான் ஆள் தேவைப்படுகிறது.

அந்த ஐந்து கட்டங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு தவிக்கிறார்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் அதை எழுதியபோது, குணமாகாத நோயோடு தங்கள் சாவை எதிர்நோக்கியிருந்தவர்களைப் பற்றித்தான் பேசினார். உறவைப் பறிகொடுத்தவர்களுக்கு அது பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. துக்கம் ஒவ்வொரு படியாக ஏறி முடிக்கிற மாடி அல்ல. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் முன்வைத்த விளக்கம் எனக்கு இன்னும் உண்மையாகப் படுகிறது. துக்கத்தில் இருப்பவர் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டே இருக்கிறார். ஒரு நேரம் இழப்பிலேயே மூழ்குகிறார், இன்னொரு நேரம் அதிலிருந்து விலகி, பில் கட்டுவது, வேலை பார்ப்பது என்று மாறிப்போன வாழ்க்கையைச் சமாளிக்கிறார். இந்தப் போக்குவரத்துதான் மனிதரைத் தாங்குகிறது என்பது அவர்கள் கருத்து. ஆகவே உங்கள் நண்பர் அலுவலகத்தில் சிரிப்பது நடிப்பும் அல்ல, மனைவியை மறந்துவிட்டார் என்பதும் அல்ல. வீட்டில் எரிந்து விழுவதும் அதே துக்கம்தான். கோபத்தோடு இருக்கும்போதே போங்கள். உங்கள் மேலும் கொஞ்சம் விழலாம். வாங்கிக்கொள்ளுங்கள்.

என்ன பேசுவது என்பதைவிட எதைச் சொல்லாமல் இருப்பது என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். அம்மாவை இழந்த ஒரு தோழியிடம், "கஷ்டப்படாம போயிட்டாங்களே, அதுவரைக்கும் நல்லது" என்றேன். அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகு அம்மாவைப் பற்றி என்னிடம் அவள் பேசவே இல்லை. ஆறுதல் சொல்வதாக நினைத்து அவள் அழுவதற்கு இருந்த ஒரு கதவை நான் அடைத்துவிட்டேன். "பிள்ளைகளுக்காகவாவது தைரியமா இரு", "மனசைத் தேத்திக்கோ" என்பதெல்லாமும் அந்த வகைதான். எதிரில் இருப்பவரின் வலியைப் பார்த்துக்கொண்டிருக்க நம்மால் முடியவில்லை, அதனால் அதைச் சீக்கிரம் முடித்துவைக்கப் பார்க்கிறோம். "அதையே நினைக்காதே" என்பது இன்னும் மோசம். வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்று சொல்லி, உளவியலாளர் டேனியல் வெக்னரும் அவருடன் இருந்தவர்களும் 1987இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பங்கெடுத்தவர்களின் மனதுக்குள் கரடி திரும்பத் திரும்ப வந்தது. கரடிக்கே அப்படி என்றால், கூட வாழ்ந்த மனைவியை எப்படி நினைக்காமல் இருப்பது?

நண்பரின் மனைவி பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரைச் சொன்னால் நண்பருக்கு ஞாபகம் வந்துவிடுமோ என்று தயங்குவோம். ஞாபகம் போனால்தானே வருவதற்கு? உங்களிடம் அவரைப் பற்றி ஒரு சின்ன நினைவாவது இருக்கும். அதைக் கொண்டுபோங்கள். அழுதால் அழட்டும், நீங்கள் எழுந்து போகாமல் இருந்தால் போதும்.

கிளம்பும்போது "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். மனதார சொல்வதுதான், ஆனால் என்ன வேண்டும் என்று யோசித்து, கூச்சப்பட்டு, கேட்கிற வேலையை அது அவர் தலையில் வைக்கிறது. நீங்களே பார்த்து ஒன்றைச் செய்யுங்கள். மரணத்துக்குப் பின் நிரப்ப வேண்டிய காகிதங்கள் மேஜையில் கிடக்கும், உட்கார்ந்து சேர்ந்து நிரப்பலாம். சனிக்கிழமை காலை பிள்ளைகளை வெளியே அழைத்துப்போகலாம். உளவியலாளர் நியால் போல்ஜர் குழுவினர் 2000இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வக்கீல் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களையும் அவர்களுடைய துணைகளையும் தினமும் குறிப்பு எழுதவைத்தார்கள். துணை உதவியதாக எழுதி, ஆனால் தேர்வு எழுதுபவர் அதைக் கவனிக்கவே இல்லை என்றிருந்த உதவிதான் நன்றாகப் பலன் கொடுத்தது. தேர்வு வேறு, துக்கம் வேறு. ஆனாலும், 'நான் உதவி வாங்குகிற நிலைக்கு வந்துவிட்டேன்' என்று தோன்றவைக்காமல் செய்கிற உதவி எவ்வளவு இதமானது என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இனி வாழ்ந்து என்ன பயன் என்கிற மாதிரி அவர் பேசினால் பேச்சை மாற்றாதீர்கள். "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அவரைத் தனியே விடாமல் கூடவே இருங்கள், மருத்துவரிடம் நீங்களே அழைத்துப் போங்கள்.

சரி, முதல் செய்தி. நீங்கள் எனக்கு எழுதியதில் பாதியை அவருக்கு எழுதினாலே போதும். "இத்தனை நாள் பேசாம இருந்துட்டேன், என்ன சொல்றதுன்னு தெரியல. இப்பவும் தெரியல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரேன், பேசலைன்னாலும் பரவாயில்ல, கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போறேன்." அவர் பதில் போடாமல் இருக்கலாம். வராதே என்று சொன்னால் வற்புறுத்த வேண்டாம், அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள். ஒன்றுமே சொல்லவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை போய்க் கதவைத் தட்டுங்கள்.

போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள். இனி அவரை நானும் நினைத்துக்கொண்டிருப்பேன்.