ஆய்வு வழிகாட்டியே பாலியல் தொந்தரவு கொடுத்தால் மாணவி என்ன செய்வது? புகார் கொடுத்தால் பட்டம் போய்விடுமா?

உங்கள் தோழி பிஎச்.டி. செய்கிறார், தொந்தரவு கொடுப்பது அவருடைய கைடு, புகார் கொடுத்தால் இத்தனை வருட உழைப்பும் வீணாகுமோ என்று பயப்படுகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அங்கே பாலியல் தொந்தரவுப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில், அதாவது எல்லோரும் ஐசிசி என்று சொல்கிற குழுவில், உறுப்பினராக இருந்திருக்கிறேன். தோழியின் பயம் நியாயமானது. எங்களிடம் வந்த ஆய்வு மாணவிகளும், நடந்ததைச் சொல்வதற்கு முன்பே, "மேடம், அப்புறம் என் தீசிஸை யார் பார்ப்பாங்க?" என்றுதான் கேட்டார்கள்.

அதற்கு விதியிலேயே பதில் இருக்கிறது. உயர்கல்வி நிறுவனங்களுக்காக யூ.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2015-ல் வகுத்த ஒழுங்குமுறைகளில் இடைக்கால நிவாரணம் என்று ஒரு பகுதி உண்டு. விசாரணை முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. புகாருக்கு உள்ளானவர் அந்த மாணவியின் வேலையையோ தேர்வையோ மதிப்பிடக் கூடாது என்று தடுக்கும்படி குழு பரிந்துரைக்கலாம். அவரை விலகி இருக்கச் சொல்லி எச்சரிக்கலாம், மாணவிக்கு 3 மாதம் வரை விடுப்பு தரலாம். வேறு கைடு வேண்டும் என்று கேட்பதற்கும் இதுதான் பிடிமானம். ஆனால் கேட்காமல் இது தானாகக் கிடைப்பது அபூர்வம். அதனால் புகார் மனுவிலேயே, நடந்ததை எழுதி முடித்த கையோடு, இந்த நிவாரணங்கள் வேண்டும் என்று தனிப் பத்தியாக எழுதச் சொல்லுங்கள். என் பதிலில் ஒன்றே ஒன்றை மட்டும் அவரிடம் சொல்வதாக இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

அடுத்தது காலக்கெடு. சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். இந்த மூன்று மாதம் எங்கே கரைகிறது என்று பார்த்திருக்கிறேன். மாணவி முதலில் துறைத் தலைவரிடம் போகிறார். "நான் பேசிப் பார்க்கிறேன், நீ அவசரப்படாதே" என்கிறார் அவர். செமஸ்டர் ஓடிவிடுகிறது. எனக்கு இதில் மிகுந்த கோபம் உண்டு. துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் யாரும் அந்தக் குழுவில் உறுப்பினராக இருக்கவே கூடாது என்று விதி சொல்கிறது. குழு யாருக்கும் கட்டுப்படாமல் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான். சமரசம் என்பதும் பாதிக்கப்பட்டவர் கேட்டால் மட்டுமே, அதுவும் பணம் கைமாறாமல். துறைத் தலைவரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது புகார் ஆகாது. நேராகக் குழுவுக்கே எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் உதவ வேண்டியது குழு உறுப்பினர்களின் கடமை.

ஆதாரம் இல்லையே என்று பலர் தயங்குகிறார்கள். மூடிய அறையில் நடந்ததற்கு யார் சாட்சி? மெசேஜ்களை அழிக்க வேண்டாம், தேதி வாரியாகக் குறித்து வைக்கட்டும், அந்த நேரத்தில் யாரிடம் சொன்னார் என்பதையும் எழுதட்டும். நிரூபிக்க முடியாமல் போனாலே அது பொய்ப் புகார் ஆகிவிடாது. சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது.

தாக்குதல், வன்புணர்வு, வீடியோ எடுத்து மிரட்டுவது என்று இருந்தால் குழுவுக்காகக் காத்திருக்கவே வேண்டாம். சம்பவம் நடந்த இடம் எந்த எல்லையில் இருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம் (இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள்), பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கலாம். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவரை வெளியாள் ஒருவன் மிரட்டி வன்கொடுமை செய்தான். அந்தப் பெண் புகார் கொடுத்தார். அவர் விவரங்களோடு எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்ததோடு, கசிவுக்காக 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. 2025 ஜூனில் குற்றவாளிக்குக் குறைந்தது 30 ஆண்டு தண்டனைக் குறைப்பு இல்லாத ஆயுள் தண்டனை கிடைத்தது. அத்தனை அவமானத்துக்கு நடுவிலும் அவர் பின்வாங்கவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

தடுப்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மாணவர் தொடர்பான புகார் என்றால் குழுவில் 3 மாணவர்கள் இருக்க வேண்டும், அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும். நிர்வாகமே தனக்குப் பிடித்தவர்களைப் போட்டுக்கொள்ளும் இடங்களில் மாணவிகள் அந்தக் குழுவை நம்புவதில்லை. அப்புறம், ஓர் ஆய்வு மாணவியின் உதவித்தொகை, கட்டுரை, சான்றிதழ் எல்லாம் ஒரே மனிதரின் கையெழுத்தில் தொங்குவது மாற வேண்டும். ஆய்வின் முன்னேற்றத்தைப் பார்க்கும் டாக்டரல் கமிட்டியின் உறுப்பினர்கள் கைடு இல்லாமல் மாணவியோடு தனியாகப் பேச வருடத்துக்கு இரண்டு முறையாவது நேரம் ஒதுக்கலாம். கைடு மாணவியை வீட்டுக்கு வரச் சொல்லி ஆய்வு வேலையைப் பார்ப்பதை எழுத்துமூலமாகவே தடை செய்யலாம். சுவரில் போஸ்டர் ஒட்டுவதைவிட இவை பயன் தரும் என்று நம்புகிறேன்.

நீங்கள் தோழியோடு கூடப் போங்கள். ஸ்கிரீன்ஷாட்களை எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள், நல்ல எண்ணத்தில்கூட; ரகசியம் காப்பது அவருக்கான பாதுகாப்பு. மனுவைக் கொடுக்கும்போது நகலில் தேதியோடு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்புக்கு 7 நாளில் நகல் அனுப்புவது, 90 நாளில் விசாரணையை முடிப்பது எல்லாம் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும்.