13 வயதில் எழுதிய நோட்டு

அன்புள்ள ஆலோசகருக்கு, வணக்கம்.

எனக்கு 39 வயது. கணக்குத் தணிக்கை வேலை. போன மாதம் அம்மா வீட்டில் பழைய பெட்டியைப் பிரித்தபோது என் பள்ளிக்கூட நோட்டு ஒன்று கிடைத்தது. கடைசிப் பக்கங்களில் என் கையெழுத்தில் வரிசையாக எழுதியிருக்கிறேன்: ‘யாராவது நல்லா இருக்கியான்னு கேட்டா, பதில் சொல்லிட்டு நீயும் திருப்பிக் கேக்கணும்.’ ‘எல்லாரும் சிரிச்சா புரியலைன்னாலும் சிரி. முதல் ஆளா நிறுத்தாதே.’ ‘கண்ணைப் பார்க்க முடியலைன்னா புருவத்துக்கு நடுவுல பாரு.’ அப்போது எனக்கு 13 வயது. படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இன்றைக்கும் நான் இந்த விதிகளை வைத்துத்தான் காலம் தள்ளுகிறேன்.

போன் செய்வதற்கு முன் பேசப்போவதைத் தாளில் எழுதிக்கொள்வேன். எதிர்முனையில் வேறு ஏதாவது கேட்டுவிட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். சட்டையில் உள்ள லேபிளை வெட்டாமல் போட்டதே இல்லை. டியூப்லைட் இரைவது எனக்குக் கேட்கும், மற்றவர்கள் “என்ன சத்தம்?” என்பார்கள். எழுத்துருக்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. இதையெல்லாம் எப்படியோ சமாளித்து வந்தேன். ஒரு வருடம் முன்பு அலுவலகத்தில் தனி அறைகளை எடுத்துவிட்டு எல்லாரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்தார்கள். அதிலிருந்து வீட்டுக்கு வந்தால் பேச்சே வருவதில்லை. நான் கோபத்தில் இருக்கிறேன் என்று கணவர் நினைத்துக்கொள்கிறார்.

இணையத்தில் ஆட்டிசம் (மற்றவர்களோடு பழகும் விதமும் புலன் உணர்வும் சிறு வயதிலிருந்தே வேறாக அமைந்திருப்பது) பற்றிய 50 கேள்விகள் கொண்ட வினாத்தாளை நிரப்பினேன். 37 வந்தது. கணவர் சிரித்தார்: “நீயா? நல்லாத்தானே எல்லார்கிட்டயும் பேசுற!” ஒரு மருத்துவரிடமும் போனேன். “கண்ணைப் பார்த்துப் பேசுறீங்க, வேலைக்குப் போறீங்க, கல்யாணமும் ஆயிடுச்சு. உங்களுக்கு அதெல்லாம் இல்லம்மா” என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். நானாகக் கற்பனை செய்துகொள்கிறேனா? இருந்தாலும் இந்த வயதில் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

இப்படிக்கு,
ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கண்ணைப் பார்த்ததாக அந்த மருத்துவர் நினைத்தார். நீங்கள் பார்த்ததோ புருவத்தின் நடுவை. பெரியவர்களிடம் ஆட்டிசம் கண்டுபிடிக்கப்படாமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வெளியே தெரிவதை மட்டும் பார்க்கிறார்கள். அப்படித் தெரிவதற்கு உள்ளே எவ்வளவு செலவாகிறது என்று யாரும் கேட்பதில்லை.

மனநல மருத்துவர் லியோ கானர் 1943-இல் ஆட்டிசத்தை விவரித்தபோது எழுதியது 11 குழந்தைகளைப் பற்றி. அதில் 8 பேர் சிறுவர்கள். பேசாத, தனக்குள் ஒடுங்கிய சிறுவன் என்ற சித்திரம் பல காலம் அப்படியே நின்றுவிட்டது. பேச்சும் படிப்பும் நன்றாக வந்த பெண் அதில் பொருந்தவில்லை. 2013-இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இதில் முக்கியமானது. ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றில் வரும் மிகையான அல்லது மங்கலான உணர்வை அளவுகோலில் சேர்த்தது அதுதான். அறிகுறிகள் சிறு வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்றும், ஆனால் வாழ்க்கை கேட்பது நம் சக்தியை மீறும்வரை அவை முழுதாக வெளிப்படாமல் போகலாம், கற்றுக்கொண்ட உத்திகளால் மறைந்தும் இருக்கலாம் என்றும் அது சொல்கிறது. உத்திகளுக்கு உங்கள் நோட்டு சாட்சி. சக்தியை மீறிய இடம் அந்தக் கூடம்.

ஆகவே உங்கள் சந்தேகம் கற்பனை அல்ல. ஆனால் ‘ஆம், ஆட்டிசம்தான்’ என்று ஒரு கடிதத்தை வைத்து நான் எழுதினால், அந்த மருத்துவர் செய்த தவறையே எதிர்ப்பக்கமிருந்து செய்தவன் ஆவேன். நீங்கள் நிரப்பிய வினாத்தாளை 2001-இல் உளவியலாளர் சைமன் பாரன்-கோஹென் குழுவினர் வெளியிட்டார்கள். அவர்கள் ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் 32-உம் அதற்கு மேலும் எடுத்தார்கள். பொதுமக்களில் 2 சதவீதம் பேர். 37 என்பது தள்ளிவிடக்கூடிய எண் அல்ல. ஆனால் பதற்ற நோய் உள்ளவர்களுக்கும் இதில் மதிப்பெண் ஏறும். அது சல்லடை, தீர்ப்பு அல்ல.

சமூகப் பதற்றத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பலருக்குக் குழப்பமானது. பதற்றத்தின் மையத்தில் ‘என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்’ என்ற பயம் இருக்கும். உங்கள் விதிகளில் அந்தப் பயம் கொஞ்சம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அவற்றில் பெரும்பகுதி, மற்றவர்கள் சொல்லிக்கொடுக்காமலே பழகிவிடுவதை ஒரு பாடத்தைப்போல எழுதிப் படித்திருக்கும் முயற்சி. தவிர, சட்டை லேபிளுக்கும் டியூப்லைட்டுக்கும் யாரும் பயப்படுவதில்லை! இரண்டும் சேர்ந்தே இருக்கவும் செய்யலாம். ஏடிஎச்டியும் (கவனம் சிதறுவது, அடங்காத துறுதுறுப்பு) அப்படித்தான். 2013 வரை ஒரே ஆளுக்கு ஆட்டிசத்தையும் ஏடிஎச்டியையும் சேர்த்துச் சொல்ல அந்தக் கையேட்டின் முந்தைய பதிப்பே அனுமதிக்கவில்லை.

பெரியவர்களை மதிப்பிட்டுப் பழகிய மருத்துவ உளவியலாளரையோ மனநல மருத்துவரையோ தேடுங்கள். முன்பதிவு செய்யும்போதே அதைக் கேட்டுவிடுங்கள் (தாளில் எழுதி வைத்துக்கொண்டே கேட்கலாம், தவறில்லை). ஆட்டிசத்தை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. நீண்ட உரையாடல், நேரில் கவனிப்பது, குழந்தைப் பருவ விவரம், இவ்வளவுதான். அதற்கு அம்மா உதவுவார். ஆனால் “சின்ன வயசுல நான் வித்தியாசமா இருந்தேனா?” என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த அம்மாவும் “நீ தங்கமான பிள்ளை” என்றுதான் சொல்வார். தனியாக என்ன விளையாடினேன், எந்தத் துணியைப் போட மறுத்தேன், திடீரென்று திட்டம் மாறினால் என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

தெரிந்து என்ன ஆகும் என்கிறீர்கள். ஆட்டிசத்தை மாற்ற மருந்து கிடையாது, யாரும் உங்களை மாற்றவும் போவதில்லை. சுற்றியிருப்பதை மாற்றலாம். சுவரோர மேஜை, சத்தம் தடுக்கும் ஹெட்போன், கூட்டத்துக்கு முன்பே பேசுபொருளை எழுத்தில் கேட்பது. இவற்றுக்குச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கணவரிடமும் ‘ஆட்டிசம்’ என்ற சொல்லை வைத்து வாதாட வேண்டாம். “வந்ததும் ஒரு மணி நேரம் பேச மாட்டேன், கோபமில்லை, பேச்சு தீர்ந்துபோச்சு” என்று சொல்லிப்பாருங்கள். அந்த நோட்டையும் காட்டுங்கள். நீங்கள் நன்றாகப் பேசுவது எப்படி நடக்கிறது என்று அவருக்கு இதுவரை தெரியாது.

ஒன்று மட்டும் அவசரம். இந்தச் சோர்வில் தூக்கம் கெட்டாலோ, வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தாலோ, மதிப்பீட்டுத் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

மதிப்பீட்டுக்குப் போகும் அன்று நோட்டை எடுத்துப்போங்கள். அதில் உள்ள விதிகளை மட்டும் அன்றைக்கு விட்டுவிடுங்கள். சிரிப்பு வராவிட்டால் சிரிக்க வேண்டாம். புருவத்தின் நடுவைப் பார்க்க வேண்டாம், ஜன்னலைப் பார்த்தபடியே பதில் சொல்லுங்கள். மதிப்பிடுபவர் பார்க்க வேண்டியது அதைத்தான்.