ஆராய்ந்து பார்க்கும் மனசுக்கு தியான ஜெபம் கைகூடுமா?

கேள்வி: எதையும் பகுத்துப் பார்க்கும் சுபாவம் உள்ள கிறிஸ்தவன் நான். மற்றவர்கள் சாட்சி சொல்கிற மாதிரியான அனுபவம் எதுவும் ஜெபத்தில் எனக்கு வருவதில்லை. மௌனமாக அமர்ந்து தியானிக்கும் ஜெபம் என்னைப் போன்றவர்களுக்குச் சரிப்படுமா? ஏதாவது உணர்ந்தாலும் அது தேவனிடமிருந்து வந்ததா, என் மூளையின் வேலையா என்று எப்படித் தெரியும்?

சரிப்படும். எனக்குச் சரிப்பட்டது. ஆனால் கொஞ்சம் சுற்றித்தான் வந்து சேர்ந்தேன்.

மென்பொருளில் பிழை தேடுவது என் தொழில். எதைப் பார்த்தாலும் "இது எந்த இடத்தில் உடையும்?" என்றுதான் முதலில் தோன்றும். ஜெபக் கூட்டத்தில் பக்கத்தில் இருப்பவர் கண்ணீரோடு மன்றாடுவார். நானோ, பாட்டின் வேகம் எப்போது கூடியது, பிரசங்கியார் எந்த இடத்தில் குரலை இறக்கினார் என்று கவனித்துக்கொண்டிருப்பேன். "சந்தேகப்படாதீங்க, விசுவாசியுங்க" என்று அன்போடு சொன்னவர்கள் உண்டு. அது எனக்கு உதவவே இல்லை. சந்தேகப்படுவதும் கவனிப்பதும் ஒன்றல்ல என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

எனக்கு முதல் தைரியம் தந்தவர் பிரெஞ்சுக் கணித மேதை பிளேஸ் பாஸ்கல். கணக்கில் அவருக்கிருந்த கூர்மை உங்களுக்கும் எனக்கும் இல்லை. 1654-ல் ஃபெர்மா என்ற இன்னொரு கணித அறிஞரோடு கடிதம் எழுதி நிகழ்தகவுக் கணிதத்துக்கு அடித்தளம் போட்டார். அதே வருஷம் நவம்பர் 23-ம் தேதி இரவு அவருக்கு ஒன்று நேர்ந்தது. அதை ஒரு தாளில் குறித்து வைத்தார். தேதி போட்டார், ஏறக்குறைய இரவு பத்தரை மணியிலிருந்து நள்ளிரவு தாண்டி அரை மணி வரை என்று நேரமும் போட்டார். அதன் கீழே ஒற்றை வார்த்தை: "அக்கினி." பிறகு, ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன், தத்துவஞானிகளுடைய தேவன் அல்ல என்று எழுதினார். அந்தத் தாளை மேலங்கியின் உட்துணிக்குள் வைத்துத் தைத்துக்கொண்டார். 1662-ல் அவர் இறந்த பிறகு வேலைக்காரர் ஒருவர் கண்டெடுக்கும்வரை அது அங்கேயே இருந்தது. என்னை அதிகம் தொட்டது அந்த நேரக்குறிப்புதான். அத்தனை பெரிய அனுபவத்திலும் மணி பார்க்கிற அவருடைய சுபாவம் அப்படியே இருந்தது. புத்தியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்று தேவன் அவரிடம் சொல்லவில்லை. "உன் முழு மனதோடும் அன்புகூருவாயாக" என்ற கட்டளையிலும் மனம் சேர்த்தி தானே.

நான் செய்தது இதுதான். வேதத்தில் ஒரு சிறு பகுதியை மெதுவாக வாசிப்பேன். அதை அசைபோடுவேன். அதிலிருந்து வருவதை ஜெபமாகச் சொல்வேன். பிறகு சொல்வதையும் நிறுத்திவிட்டு, சும்மா அவர் முன்னால் இருப்பேன். இந்த நான்கு படிகளையும் 12-ம் நூற்றாண்டிலேயே இரண்டாம் குய்கோ என்ற துறவி எழுதி வைத்துவிட்டார். இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்து கைபேசியைக் கவிழ்த்துவிடுவேன். முதல் மூன்று படிகளும் நம்மைப் போன்றவர்களுக்குச் சுலபம். நான்காவதில்தான் அகப்பட்டுக்கொள்வோம்.

எப்படி அகப்பட்டேன் என்று சொல்கிறேன். ஒரு நோட்டில் தினமும் மூன்று விஷயம் குறித்தேன்: தேதி, முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினேன், அன்றைய ஜெபத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண். மூன்றாவது வாரம் ஒரு காலையில், கண் மூடி உட்கார்ந்திருக்கும்போதே "இன்று ஆறு போடலாமா, ஏழா?" என்று யோசித்துக்கொண்டிருப்பதை உணர்ந்தேன். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. தேவனோடு இருக்கிறேன் என்று நினைத்த நேரம் முழுவதும் நான் என்னோடுதான் இருந்திருக்கிறேன். ஒருவர் முகத்தைப் பார்த்துப் பேசும்போது, எதிரே இருக்கிற கண்ணாடியில் நம் முகம் எப்படித் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் பேச்சு எங்கே நடக்கும்? அன்றோடு மதிப்பெண் போடுவதை விட்டேன்.

அதற்காக எண்ணங்களை அடித்து விரட்டவும் வேண்டாம். ஸ்பெயின் தேசத்துக் கன்னியாஸ்திரீ அவிலா தெரேசா 1577-ல், தம் 62-வது வயதில், ஜெபத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கும்போதே, தலைக்குள் பல ஆறுகள் பெருக்கெடுத்துப் பாய்வது போல இரைச்சல் கேட்கிறது என்று குறிப்பிடுகிறார். அந்த இரைச்சல் தம் ஜெபத்தைத் தடுக்கவில்லை என்றும் சொல்கிறார். அலைகிற நினைவு வேறு, அறிவு வேறு என்று அவருக்கே பல வருஷம் கழித்துத்தான் விளங்கியதாம். அதைப் படித்த இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

நம் தமிழ் வேதாகமத்தில் ஒரு சொல் இந்த ஜெபத்துக்காகவே அமைந்தது போல இருக்கிறது. "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்" என்கிறது 46-ம் சங்கீதம். எலியாவுக்குக் காற்றிலும் பூமியதிர்ச்சியிலும் அக்கினியிலும் கர்த்தர் இருக்கவில்லை. கடைசியில் வந்தது "அமர்ந்த மெல்லிய சத்தம்". 131-ம் சங்கீதத்தில் "என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன்". மூன்று இடத்திலும் அமர்தல். புழுதி அமர்ந்தது என்று சொல்கிறோமே, அந்த அமர்தலும் இதுதான். புழுதியை யாரும் கையால் பிடித்து உட்காரவைக்க முடியாது. கிளறாமல் இருந்தால் அதுவாக அமரும்.

ஏழெட்டு மாதம் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒரு விடிகாலை, அதே 131-ன் இரண்டாம் வசனத்தில் இருந்தேன்: "தாயின் பால்மறந்த குழந்தையைப்போல." பால்குடிக்கும் குழந்தை மடியில் ஏறினால் முட்டும், தேடும், கிடைக்காவிட்டால் அழும். பால்மறந்த குழந்தைக்கு மடி மட்டும் போதும். நான் இத்தனை மாதமும் அனுபவம் வேண்டும் என்று முட்டிக்கொண்டிருந்த குழந்தை என்று அப்போது தெரிந்தது. தெரிந்ததும் கேட்பது நின்றுவிட்டது. வெளிச்சம் இல்லை, குரல் இல்லை, உடம்பு சிலிர்க்கவும் இல்லை. அந்த அறையில் ஒருவர் வெகுநேரமாக இருக்கிறார், இப்போதுதான் நான் திரும்பிப் பார்க்கிறேன் என்பது போன்ற ஒரு தெளிவு. ஒரு நிமிடம் இருந்திருக்கும். அலாரம் அடித்தது.

எழுந்ததுமே மனசு விசாரணையை ஆரம்பித்தது. தூக்கம் குறைவு; வெறும் வயிறு; அந்த வசனமே அந்த உணர்வைத் தூண்டியிருக்கலாம். ஒன்றையும் நான் மறுக்கவில்லை. மூளையில் அப்போது ஏதோ நடந்திருக்கும், நிச்சயம். ஒரு மரத்தைப் பார்க்கும்போதும் மூளையில் ஏதோ நடக்கத்தான் செய்கிறது. அதனால் மரம் இல்லை என்று ஆகிவிடாது. உடலில் காரணம் காட்டிவிட்டால் அனுபவத்தின் மதிப்பைத் தீர்த்துவிட்டதாகாது என்று உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1902-லேயே வாதாடிவிட்டார். அதே சமயம், மூளையில் நடந்ததை வைத்து தேவன் வந்தார் என்றும் நிரூபிக்க முடியாது. அந்த ஒரு நிமிடத்தை எத்தனை கூறு போட்டாலும் உள்ளே விடை இருக்காது.

விடை தேட வேண்டிய இடத்தைக் காட்டியவர் அமெரிக்கப் பிரசங்கியார் ஜோனத்தான் எட்வர்ட்ஸ். மக்கள் திரளாகப் பக்திக்குத் திரும்பிய பெரிய எழுப்புதல் ஒன்றை நேரில் கண்டவர், அதில் நல்லதும் போலியும் கலந்திருந்ததையும் கண்டவர். 1746-ல் வந்த அவருடைய நூல் நம் போன்றவர்களுக்காகவே எழுதியது போல இருக்கும். உணர்ச்சி பொங்கியது, உடல் நடுங்கியது, வசனம் தானாக மனதில் வந்தது என்று பன்னிரண்டைச் சொல்லி, இவற்றால் எதுவும் உறுதியாகாது, இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை என்று தள்ளிவைக்கிறார். பிறகு மெய்யான அடையாளங்கள் என்று பன்னிரண்டு சொல்கிறார். கடைசியானதும், அவர் மிக நீளமாக விவரிப்பதும் ஒன்றே: நடக்கை.

என் விஷயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் என் கவனக்குறைவால் நேர்ந்த ஒரு பிழைக்கு உடன் வேலை செய்தவர் பேச்சு வாங்கினார். நான் வாய் திறக்கவில்லை. அது எனக்கு மறந்தே போயிருந்தது. அந்தக் காலைக்குப் பிறகான வாரத்தில் அது என்னை விடவே இல்லை. போய் அவரிடமும் மேலாளரிடமும் "அது என் தப்பு" என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை, சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியவும் தெரியாது. நானாக யோசித்து அதைச் செய்திருக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். இதை நிரூபணம் என்று உங்கள்முன் வைக்கவில்லை. ஆனால் என் ஆராய்ச்சிப் புத்திக்கு இங்கேதான் நியாயமான வேலை கிடைத்தது. ஜெபத்துக்கு நடுவில் அதற்கு வேலை இல்லை. ஜெபம் முடிந்த பிறகு, வாரக் கணக்கில், என் நடக்கையைத் துருவிப் பார்க்கட்டும். இப்போதும் நோட்டு வைத்திருக்கிறேன். வாரம் ஒரு வரி: யாரிடம் பொறுமை இழந்தேன், யாரிடம் இழக்கவில்லை.

இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தரும் ஒரு எச்சரிக்கையும் முக்கியம். தேவ ஆறுதல் வந்த கணம் வேறு, அதன் சூடு ஆறாத நேரத்தில் நாமே சேர்த்துக்கொள்ளும் எண்ணங்களும் திட்டங்களும் வேறு என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறார். "கர்த்தர் என்னிடம் இதைச் சொன்னார்" என்று அவசரப்பட்டு எடுக்கும் தீர்மானங்கள் பல இந்த இரண்டாவது நேரத்தில் பிறப்பவை. அதேபோல, வறட்சியான நாட்களில் முன்பு எடுத்த நல்ல தீர்மானத்தை மாற்றாதே என்றும் சொல்கிறார்.

வறட்சி என்றதும் இன்னொன்று. எந்த மகிழ்ச்சியும் இல்லாமல், தூக்கமும் கெட்டு, வாழ்வே பாரமாக இருந்தால், அதற்கு ஆன்மிகப் பெயர் வைத்துச் சகித்துக்கொள்ளாதீர்கள். ஜெபத்தில் வரும் வறட்சியை 'இருண்ட இரவு' என்று எழுதிய ஸ்பெயின் துறவி சிலுவை யோவானே மன நோயால் வரும் சோர்வு வேறு என்று பிரித்துச் சொல்கிறார். மருத்துவரைப் பாருங்கள், ஜெபத்தையும் விட வேண்டாம்.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால், 131-ம் சங்கீதத்தில் ஆரம்பியுங்கள். மூன்றே வசனம்தான். முதல் வசனத்தில் "எனக்கு மிஞ்சின கருமங்களிலும் தலையிடுகிறதுமில்லை" என்று வரும்போது உங்களுக்குச் சுருக்கென்று தைக்கும். எனக்குப் பல வாரம் தைத்தது. அதோடு சண்டை போட வேண்டாம், இரண்டாம் வசனத்துக்குப் போய்விடுங்கள்.