வியட்நாம் மிளகும் ஆசியான் ஒப்பந்தமும்: யார் சொல்வது சரி?

கேள்வி: வியட்நாமிலிருந்து மிளகு இறக்குமதி செய்ய நினைக்கிறேன். ஆசியான் (தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பு) உடன் இந்தியா செய்த வரிச்சலுகை ஒப்பந்தத்தால் நமக்குத்தான் நஷ்டம் என்கிறார்கள் இங்கே. இந்தியா சந்தையைத் திறக்கவே இல்லை என்கிறார் அங்குள்ள ஏற்றுமதியாளர். எதை நம்பி விலை பேசுவது?

பதில்: இரண்டிலும் உண்மை இருக்கிறது. 2010 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள இந்த ஒப்பந்தத்தில் டெல்லி பார்ப்பது வர்த்தகப் பற்றாக்குறையை. சரக்குக்கு வழிவிட்டால் நம் சேவைத் துறைக்கு அங்கே இடம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தோம். சேவை ஒப்பந்தம் 2014இல்தான் கையெழுத்தானது. மலேசியாவும் இந்தோனேசியாவும் தங்கள் பாமாயிலை இங்கே விற்கப் பார்த்தன. அதே பாமாயில் தேங்காய் விலையைச் சாய்த்துவிடும் என்று கேரளம் அஞ்சியது. 2009 அக்டோபர் 2 அன்று அங்கே மனிதச் சங்கிலியே நடந்தது. அது நியாயமான அச்சம். விலை விழுந்தால் தோட்டக்காரர் மறுவருடமே வேறு பயிருக்கு மாறிவிட முடியாது.

உங்கள் மிளகு 'சிறப்புப் பொருள்' பட்டியலில் இருக்கிறது. வரி பூஜ்யமாகாது, 70 சதவீதத்திலிருந்து 2019 முடிவுக்குள் 50 சதவீதமாகக் குறைப்பதாகத்தான் உடன்பாடு. போதாததற்கு, கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த விலையில் மிளகு இறக்குமதிக்கு 2018 மார்ச்சில் தடையும் வந்தது. உங்கள் ஏற்றுமதியாளரின் குறை இதுதான். இலங்கை மிளகுக்கோ தனி ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 2,500 டன் வரை வரி கிடையாது. வியட்நாம் மிளகு இலங்கை மிளகு என்ற பெயரில் வருவதாக நம் விவசாயிகள் புகார் சொல்வது இதனால்தான். யாராவது அந்த வழியைக் காட்டினால் கிட்டவே போகாதீர்கள்.

சலுகை வரி வேண்டுமென்றால் 'ஏ.ஐ.' (ஆசியான்-இந்தியா) படிவத்தில் மூலச் சான்றிதழ், அதாவது சரக்கு எந்த நாட்டுப் பொருள் என்பதற்கான சான்று வேண்டும். ஆனால் 2020 செப்டம்பர் 21 முதல் அது மட்டும் போதாது. சரக்கு எப்படி வியட்நாம் பொருளாகிறது என்ற விவரத்தை நீங்களே கேட்டு வாங்கி, 5 ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். வியட்நாம் வியாபாரிகள் பிரேசிலிலிருந்தும் மிளகு வாங்குகிறார்கள்; அதைச் சுத்தம் செய்து மூட்டை கட்டினால் மட்டும் வியட்நாம் மிளகாகிவிடாது. எந்த மாவட்டத்தில் விளைந்தது, யாரிடம் கொள்முதல் ஆனது என்ற தாள்களை முன்பணம் அனுப்பும் முன்பே கேளுங்கள். தரத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

விலை முடிக்கும் நாளில் 0904 தலைப்புக்கான (சுங்க வரிப் பட்டியலில் மிளகு வரும் எண்) பொது வரி, ஒப்பந்த வரி, குறைந்தபட்ச விலை மூன்றையும் உங்கள் சுங்க முகவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அறிவிக்கைகள் அடிக்கடி மாறுகின்றன.