ஒரே பலகையில் ஒரு கிளி: ஸ்க்ரோல் சா கேள்வி பதில்

முக்கால் அங்குலப் பலகையில் படத்தை ஒட்டி, ஸ்க்ரோல் சா என்ற, மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும் அறுவை இயந்திரத்தில் துண்டு துண்டாக அறுத்து, விளிம்புகளை உருட்டி, வண்ணம் பூசி, மறுபடியும் பிளைவுட் மேல் சேர்த்து ஒட்டுகிற வேலை இது. நான் செய்த கிளியைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: இன்டார்சியா என்பதும் இதுவும் ஒன்றுதானே, ஐயா?

இல்லை. இன்டார்சியாவில் மரமே நிறம். கறுப்புக்கு ஒரு மரம், மஞ்சளுக்கு ஒரு மரம் என்று தனித்தனியாக அறுத்துப் பொருத்த வேண்டும். மயிரிழை பிசகினாலும் இடைவெளி தெரியும். இங்கே ஒரே பலகை. ஒரு வெட்டில் இரண்டு துண்டின் ஓரமும் உருவாகிவிடுவதால், கோட்டை விட்டுச் சற்று விலகினாலும் இரண்டும் சேர்ந்தே விலகும். புதிதாகத் தொடங்குபவரை இந்த வேலை மன்னித்துவிடும்.

கேள்வி: மன்னிக்கவில்லையே! என் துண்டுகள் மேலிருந்து போட்டால் நுழைய மறுக்கின்றன, கீழிருந்து போட்டால்தான் நுழைகின்றன.

உங்கள் பிளேடு மேசைக்குச் செங்குத்தாக இல்லை. மேசையில் ஒட்டியிருக்கும் கோண அளவை நம்பாதீர்கள். நான் நம்பி ஒரு மயிலையே வீணாக்கினேன். கனமான ஒரு கட்டையின் ஓரத்தில் சிறிதளவு அறுத்து நிறுத்துங்கள். இயந்திரத்தை அணைத்துவிட்டு, கட்டையை அப்படியே பிளேடின் பின்பக்கம் கொண்டுபோய் அதே வெட்டுக்குள் நுழைத்துப் பாருங்கள். தடையின்றி நுழைந்தால் செங்குத்து. இடித்தால் மேசையைச் சரிசெய்யுங்கள். அறுக்கும்போது பலகையைப் பக்கவாட்டில் நெருக்கினாலும் பிளேடு வளைந்து இதே கோளாறு வரும். அது பிளேடின் குற்றமல்ல, அவசரத்தின் குற்றம்.

கேள்வி: ஓரம் கருகுகிறது. என்ன பிளேடு போடலாம்?

இந்தக் கனத்துக்கு 5ஆம் எண் போதும். முனையில் ஊசி இல்லாத வகையாக வாங்குங்கள். ஊசி வைத்தவை பெரும்பாலும் தடிமனானவை, கூரிய வளைவில் திரும்பாது. படத்தின் மேல் பெட்டி ஒட்டும் ஒளிபுகும் டேப்பை ஒட்டினால் கருகல் பெரிதும் குறையும். அப்படியும் கருகினால் பிளேடு மழுங்கிவிட்டது.

கேள்வி: தேக்கில் செய்யலாமா? எம்.டி.எஃப்?

தேக்கின் பழுப்பு உங்கள் நீலத்தை விழுங்கிவிடும். அதன் எண்ணெய்ப் பசையில் கோந்தும் சரியாகப் பிடிக்காது. வெளிர் நிறமுள்ள குமிழ் மரமோ பைன் மரமோ நல்லது. எம்.டி.எஃப் என்பது மர நாரை அழுத்திச் செய்த பலகை. அதில் மர வரியே, அதாவது மரத்தின் ரேகையே, கிடையாது, தூளும் மிக நுண்ணியது. எந்த மரமானாலும் முகக்கவசம் இல்லாமல் உப்புத்தாளைத் தொடாதீர்கள். வாலின் நீளம் மர வரியோடு ஓடும்படி படத்தை ஒட்டுங்கள், தம்பி. குறுக்காக ஒட்டினால் இறகு முறிந்துவிடும்.

கேள்வி: என் கிளி பிளாஸ்டிக் பொம்மை போல இருக்கிறது.

கெட்டியாகப் பூசியிருப்பீர்கள். அக்ரிலிக்கைத் தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்து, பூசியதும் துணியால் துடைத்துவிடுங்கள். பச்சைக்குள்ளே மர வரி ஓடுவது தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால் இதை மரத்தில் செய்வானேன்? முதலில் வெறும் ஈரத்துணியால் துடையுங்கள், நார்கள் எழும்பும். காய்ந்தபின் 220 எண் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு வண்ணத்துக்கு வாருங்கள். கறுப்புக் கோடு போட்டுப் பிரித்துக்காட்ட வேண்டாம். உருட்டிய விளிம்புகளுக்கிடையே விழும் நிழலே கோடு. அதனால் பக்கச் சுவர்களுக்கும் வண்ணம் வேண்டும், மெல்லியதாக.

கேள்வி: அலகு போன்ற சின்னத் துண்டைத் தேய்க்கும்போது விரலும் தேய்கிறது, ஐயா.

இருபக்க டேப்பால் ஒரு குச்சியின் நுனியில் ஒட்டிக்கொண்டு தேய்த்துப் பாருங்கள், அம்மா. கண்ணை நான் அறுப்பதே இல்லை. துளையிட்டு மூங்கில் குச்சியைச் செருகி நறுக்கிவிடுவேன்.

கேள்வி: சுவரில் மாட்டிய சில நாட்களில் இரண்டு இறகு விழுந்துவிட்டன.

அடிப்பக்கத்துக்கும் வண்ணம் பூசினீர்களா? மரப்பசை வெறும் மரத்தில்தான் ஊறிப் பிடிக்கும். வண்ணத்தின் மேல் ஒட்டினால் அந்தப் படலத்தோடு உரிந்து வந்துவிடும். விழுந்தவற்றின் அடியைச் சுரண்டி மரம் தெரிந்தபின் ஒட்டுங்கள். விழாதவற்றையும் ஒருமுறை அசைத்துப் பாருங்கள்.