பங்காளி வைத்த தீயும் நீங்கள் போட்ட கையெழுத்தும்

கேள்வி: நிலத் தகராறில் எட்டு மாதம் முன்பு என் பெரியப்பா மகன் எங்கள் வீட்டுக்குத் தீ வைத்தார். மனைவியின் இரண்டு கைகளிலும் தீக்காயம். வீட்டில் ஒரு பொருள் மிஞ்சவில்லை. எஃப்ஐஆர் பதிவாகியிருக்கிறது. இன்ஷூரன்ஸ் பணம் சீக்கிரம் வரும் என்று ஒருவர் சொன்னதால், 'மின்கசிவு' என்று எழுதிய படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பாதிக்கப்பட்டோருக்கான அரசு இழப்பீடு வீட்டுக்கும் கிடைக்குமா?

பதில்: பெரியப்பா மகன் இருபது வருடமாக என்னென்ன செய்தார் என்று நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அது இங்கே உதவாது. உங்கள் விஷயம் நிற்பதும் விழுவதும் அந்த மின்கசிவுக் கையெழுத்தில்தான்.

முதலில் வீடு. பிஎன்எஸ்எஸ் என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தில், பாதிக்கப்பட்டோர் இழப்பீடு பற்றிய 396-வது பிரிவு 'இழப்பு அல்லது காயம்' என்று விரிவாகத்தான் பேசுகிறது. ஆனால் அதன்கீழ் வந்த மாநில இழப்பீட்டுத் திட்டங்களின் பட்டியல்கள் பெரும்பாலும் உயிரையும் உடம்பையும்தான் கணக்கில் எடுக்கின்றன. எரிந்த வீட்டை இதற்குள் கொண்டுவர வேண்டும் என்பதே என் கருத்து. அமிலம் வீசப்பட்டவருக்கு உடனடி இலவச சிகிச்சை தரச் சொல்லும் 397-வது பிரிவில், தீ வைப்பால் வெந்தவருக்கு இடமில்லை. இதெல்லாம் மாறும்வரை நீங்கள் மனுப் போட வேண்டிய கெடு காத்திருக்காது. மனைவியின் காயத்துக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுப் போடுங்கள், இடைக்கால நிவாரணமும் சேர்த்துக் கேளுங்கள். வீட்டையும் மனுவில் எழுதுங்கள், ஆனால் அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

இப்போது கையெழுத்து. குற்றம் நடந்தால்தான் 'பாதிக்கப்பட்டவர்'. மின்கசிவு என்றால் அது விபத்து, குற்றமே இல்லை. இப்படிக் கையெழுத்துப் போட்ட கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு தாளை நீட்டுவார், அதோடு முடிந்தது. வேடிக்கை என்னவென்றால் அந்தப் பொய் தேவையே இல்லை. நீங்களே வேண்டுமென்று கொளுத்தினால்தான் சிக்கல். அடுத்தவர் வைத்த தீயும் வீட்டுத் தீ பாலிசிக்குள் சாதாரணமாக வரும். கம்பெனிக்கு இந்த வாரமே எஃப்ஐஆர் நகலோடு திருத்தக் கடிதம் அனுப்புங்கள், பதிவுத் தபாலில். அப்புறம் ஆஸ்பத்திரி ஏ.ஆர். காப்பியை (காயம் எப்படி ஏற்பட்டது என்று எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல்) எடுத்துப் பாருங்கள். பதற்றத்தில் யாராவது 'அடுப்பு வெடித்தது' என்று சொல்லியிருந்தால் அதுவும் எழுத்தில் இருக்கும். இருந்தால் விசாரணை அதிகாரியிடம் உண்மையை இப்போதே வாக்குமூலமாகக் கொடுங்கள்.

இன்னொரு பள்ளம்: 'கிரிமினல் கேஸ் முடியட்டும், நஷ்டஈடு வழக்கை அப்புறம் பார்க்கலாம்' என்பது. சிவில் வழக்குக்குக் காலவரம்பு 3 ஆண்டு. கிரிமினல் கேஸ் நடப்பதால் அது நிற்காது. எட்டு மாதம் போய்விட்டது. தண்டனை கிடைத்தால் பிஎன்எஸ்எஸ் 395-வது பிரிவில் நீதிமன்றமே இழப்பீடு உத்தரவிடலாம், சரி. ஆனால் அந்தத் தீர்ப்பு எந்த வருடம் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். சிவில் வழக்கைத் தனியாகப் போட்டுவிடுங்கள்.

உண்மையைச் சொன்னால், பெரியப்பா மகனிடம் நிலப் பங்கு இருக்கிறதென்றால் சமரசம்தான் நல்லது. ஆனால் வீட்டைக் கொளுத்துவது, பிஎன்எஸ் என்ற குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 326(g)-யில் ஆயுள் தண்டனை வரை போகும் குற்றம், இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளக் கூடியதல்ல. உயர் நீதிமன்றத்தில் பிஎன்எஸ்எஸ் 528-வது பிரிவில் வழக்கை ரத்து செய்யக் கேட்க வேண்டும், ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். அதனால் பஞ்சாயத்தில் பாதிப் பணம் வாங்கிக்கொண்டு சாட்சி சொல்லும்போது மாற்றிச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மீதிப் பணம் வராது, பொய்ச் சாட்சி உங்கள் தலையில் விழும். பணத்துக்குப் பதில் அவர் பங்கு நிலத்தைக் கேளுங்கள். பத்திரம் பதிவானபின் உயர் நீதிமன்றம் போகலாம். ஒப்பந்தத்தில் 'தீ தற்செயலாகப் பிடித்தது' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வார்கள். சேர்க்காதீர்கள்.