டைட்டனில் உடை கிழிந்தால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சனிக்கோளின் நிலவான டைட்டனில் இறங்கும் நான்கு பேரைப் பற்றி ஒரு குறுநாவல் எழுதிவருகிறேன். அதன் உச்சக்காட்சியில் ஒருத்தியின் உடை கிழிகிறது, காற்று பீறிட்டு வெளியேறுகிறது, ரத்தம் கொதித்து நொடிகளில் இறந்துபோகிறாள். படித்துப் பார்த்த நண்பர், "டைட்டனில் இப்படிச் சாக முடியாது" என்கிறார். அப்படியென்றால் அங்கே ஆபத்தே இல்லையா? கதையை வேறு கோளுக்கு மாற்றிவிடட்டுமா? முதல் இரண்டு அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மாற்றாதீர்கள். நண்பர் சொன்னது சரிதான். ஆனால் நீங்கள் எழுதியதைவிடக் கொடிய ஆபத்து டைட்டனிலேயே இருக்கிறது.

நீங்கள் எழுதியிருப்பது சந்திரனிலும் செவ்வாயிலும் நேரும் சாவு. டைட்டனின் தரையில் காற்றழுத்தம் பூமியைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. உடைக்கு உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் ஒன்றுதான், எனவே எதுவும் பீறிடாது. அழுத்த உடையே வேண்டாம். மூச்சுக்கு ஆக்சிஜன் முகமூடியும் குளிருக்கு உடையும் போதும். அந்தக் குளிர் மைனஸ் 179 டிகிரி. சந்திரனின் வெற்றிடம் ஒரு பிளாஸ்க் மாதிரி, உடம்பின் சூடு மெல்லத்தான் வெளியேறும். டைட்டனின் காற்றோ நம் காற்றைப்போல நான்கு மடங்குக்கும் மேல் அடர்த்தி. தொட்ட இடத்திலெல்லாம் சூட்டை வழித்தெடுத்துக்கொண்டு போய்விடும்.

முழங்கைக்குப் பின்னால் இரண்டு விரல் நீளக் கிழிசல் என்று வையுங்கள். சத்தம் வராது. அந்த இடம் சுரீரென்று எரியும், பிறகு மரத்துப்போகும். வலி நின்றதும் சரியாகிவிட்டது என்று நினைத்து அவள் வேலையைத் தொடர்வாள். உள்ளே சதை உறைந்துகொண்டிருக்கும். உடையின் வெப்பக் கம்பிகளைத் தொடர்ச்சுற்றாக இணைத்திருந்தால் ஒரு கம்பி அறுந்ததும் கை முழுவதும் சூடு போய்விடும். பக்கச்சுற்றாக, நாலைந்து தனிப் பகுதிகளாக இணைத்திருந்தால் அவள் வாகனத்துக்குத் திரும்ப நேரம் கிடைக்கும். அந்த உடையை வடிவமைத்தவர் யார் என்பதிலேயே ஒரு கதை இருக்கிறது.

அடுத்தது ஆக்சிஜன் சிலிண்டர். உங்கள் கதையில் அதை முதுகில், உடைக்கு வெளியே மாட்டியிருக்கிறார்கள். ஆக்சிஜனின் கொதிநிலை சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 183. டைட்டனின் குளிருக்கு இறங்கிய சிலிண்டருக்குள் அது திரவமாகிவிடும். அதன்மேல் நிற்கும் ஆவியின் அழுத்தம் ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தமே. தள்ளுவதற்கு அழுத்தம் இல்லாதபோது, மூச்சுக்கு ஆக்சிஜனை அளந்துவிடும் ரெகுலேட்டர் எதைத் தரும்? சிலிண்டர் நிறைய ஆக்சிஜன் இருக்க, அவள் மூச்சுக்குத் திணறுவாள். அழுத்தமானியின் முள் பூஜ்யத்தை நோக்கி இறங்குவதைப் பார்த்துக் கசிவு என்று நினைத்துக் கிழிசலைத் தேடுவாள். எனவே சிலிண்டரை உடையின் சூடான அடுக்குக்குள் வையுங்கள், குழாயையும் அப்படியே. வெளிவிடும் மூச்சின் ஈரம் வால்வில் பனியாகப் படியும், மைனஸ் 100க்கும் கீழே போனால் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் உறையும். வால்வைச் சுற்றி ஒரு வெப்பக் கம்பி இல்லையென்றால் அடைத்துக்கொள்ளும். வெளிவிட்ட மூச்சையே அவள் திரும்ப இழுப்பாள்: தலைவலி, படபடப்பு, பிறகு புத்தித் தடுமாற்றம்.

இன்னும் பயங்கரம் அவர்கள் தங்கும் வீட்டுக்குத் திரும்பும்போதுதான். வெளியே எரியக்கூடிய மீத்தேன் உண்டு (காற்றில் வாயுவாக, தரை ஈரத்தில் திரவமாக), ஆக்சிஜன் இல்லை, அதனால் தீப்பிடிக்காது. வீட்டுக்குள் ஆக்சிஜன் இருக்கிறது. உடையில் ஒட்டிய சேற்றோடு ஒரு லிட்டர் திரவ மீத்தேன் உள்ளே வந்தால் அது டைட்டனின் அழுத்தத்தில் சுமார் 450 லிட்டர் வாயுவாகும். வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவிலுள்ள அறையான ஏர்லாக் 9 கன மீட்டர் என்றால் அதில் அது 5 சதவீதம். சாதாரணக் காற்றில் மீத்தேன் தீப்பற்றத் தொடங்கும் அளவே அதுதான். ஒரு சுவிட்சின் பொறி போதும். ஆகவே வெளிக்கதவை மூடி, உடையைச் சூடேற்றி, மீத்தேன் அளவு விழும்வரை சுத்தமான நைட்ரஜனால் அலசிய பிறகே உள்கதவைத் திறக்க வேண்டும். அதுவரை முகமூடியைக் கழற்றக் கூடாது. கை உறைந்துகொண்டிருக்கும் தோழி பக்கத்தில் துடிக்கும்போதும் இதைச் செய்தாக வேண்டும். உங்கள் உச்சக்காட்சி இங்கேதான் இருக்கிறது என்பேன்.

வீட்டுக் காற்றையும் வெளி அழுத்தத்திலேயே வையுங்கள். ஆக்சிஜன் 14 சதவீதம் இருந்தால் போதும், நுரையீரலுக்கு அது பூமியில் 21 சதவீதம் சுவாசிப்பதற்குச் சமம்.

வீட்டைத் தரையில் உட்கார வைக்காதீர்கள். 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் என்ற ஆளில்லா விண்கலம் டைட்டனில் இறங்கியபோது அதன் சூட்டில் தரையிலிருந்து மீத்தேன் ஆவி கிளம்பியதைக் கருவிகள் பதிவுசெய்தன. சைபீரியாவின் யாகுட்ஸ்க்கில் உறைநிலம் இளகாமலிருக்கத் தூண்கள்மேல் வீடு கட்டுவதுபோல இங்கேயும் கால்கள் வேண்டும். சூடு கசியும் பூட்ஸோடு ஈரத்தரையில் நின்றால் காலடியில் மீத்தேன் கொதிக்கும்.

நடையையும் மாற்றுங்கள். ஈர்ப்பு பூமியின் ஏழில் ஒரு பங்கு. வேகம் கொஞ்சம் கூடினாலே நடை கைகொடுக்காது, துள்ளலாகிவிடும். எடை குறைந்தாலும் நிறை அப்படியேதான் இருக்கிறது, காலுக்குப் பிடிமானம்தான் குறைவு. திடீரென நிற்க நினைத்தால் சறுக்குவார்கள்.

இரண்டாம் அத்தியாயத்தில் அவள் சனியின் வளையங்களைப் பார்த்து நிற்கும் பத்தி அழகாக இருக்கிறது, ஆனால் எடுத்துவிட வேண்டியதுதான். ஆரஞ்சுநிற மூட்டம் அவ்வளவு அடர்த்தி. தரையில் நிற்பவர் கண்ணுக்குச் சனி தெரியாது.

அன்புடன்.